முழுப்பரீட்சை லீவில் கிராமத்து முகாம்: பட்டியல் போடுவதற்கு முன்னால்

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் சென்னையிலும் பெங்களூரிலும் வேலையில் இருக்கிறார்களாம். மே மாதத்தில் லீவு போட்டு வந்து, ஆறு வயது முதல் பதினேழு வயது வரையுள்ள ஐம்பது அறுபது பிள்ளைகளுக்குச் சொந்த ஊரில் பத்து நாள் கோடை முகாம் நடத்த ஆசை. ஓவியம், யோகா, ஸ்போக்கன் இங்கிலீஷ், ரோபோட்டிக்ஸ் என்று பட்டியல் தயார். ‘இன்னும் என்ன சேர்க்கலாம்?’ என்று கேட்கிறார்.

சேர்ப்பது இருக்கட்டும். முதலில் அந்தப் பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வையுங்கள். என்ன சொல்லிக்கொடுத்தோம் என்பதால் கிராமத்து முகாம் படுத்துவிடுவதில்லை. எந்த நாளில் வைத்தோம், எத்தனை மணிக்குக் கூப்பிட்டோம், எங்கே உட்காரவைத்தோம், யார் நடத்தினார்கள் என்பதில்தான் படுக்கும். முதல் நாள் மந்தை நிறையக் கூட்டம், நான்காம் நாள் பாயில் பாதி காலி என்று முடிந்த முகாம்கள் மதுரையைச் சுற்றி நிறைய உண்டு. நடத்தினவர்கள் ‘பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை’ என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிடுவார்கள். ஆர்வமெல்லாம் இருந்திருக்கும், அன்றைக்கு வீட்டில் வேறு வேலையும் இருந்திருக்கும்.

நாளில் இருந்து ஆரம்பிப்போம். சித்ரா பௌர்ணமியை ஒட்டிய வாரத்தில் மதுரை மாவட்டத்தில் எந்த வகுப்பும் வைக்காதீர்கள். அழகர் மலையை விட்டு இறங்கி, வைகையில் இறங்கி, திரும்ப மலைக்குப் போய்ச் சேரும்வரை பாதி வீடு பூட்டித்தான் கிடக்கும். அது முடிந்தால் ஊர்க்கோயில் பொங்கல், முளைப்பாரி. வைகாசி பிறந்தால் முகூர்த்தமும் காதணி விழாவும். இதைப் படிக்கும் மேலூர், கொட்டாம்பட்டிக்காரர்களுக்கு இன்னொன்றும் உண்டு: கண்மாய் வற்றும் நேரத்தில் வரும் மீன்பிடித் திருவிழா. ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தாக் கூடையும் வலையுமாகச் சுற்றுப்பட்டுச் சனமெல்லாம் இறங்கும். அன்றைக்கு உங்கள் ஓவிய வகுப்புக்கு ஒரு பிள்ளையும் வராது, வரவும் வேண்டாம். ஊரில் காப்புக்கட்டு என்றைக்கு என்று போனில் கேட்டுவிட்டுத் தேதி குறியுங்கள்.

பத்து நாளையும் ஒரே மூச்சில் மே மாதத்தில் முடிக்க வேண்டுமா என்றும் யோசியுங்கள். கத்திரி வெயில் மே 4 வாக்கில் தொடங்கி 28 வரை. மதுரையில் 40 டிகிரியைத் தொட்டுவிட்டுத்தான் இறங்கும். ஆறு நாளை மேயில் வைத்துக்கொண்டு, மீதி நாலு நாளை செப்டம்பர் கடைசியில் வரும் காலாண்டு லீவுக்கும் டிசம்பர் அரையாண்டு லீவுக்கும் பிரித்துக்கொடுப்பது நல்லது என்பேன். திரும்ப வருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்து நின்றாலே ஊர் உங்களைப் பார்க்கும் விதம் மாறிவிடும். ஒரே தடவை வந்து போகிறவர்களைக் கிராமம் விருந்தாளியாகத்தான் நடத்தும்.

நேரம் இதைவிடச் சிக்கல். உசிலம்பட்டி, செல்லம்பட்டிப் பக்கம் மல்லிகை அதிகமாகப் பூப்பது கோடையில்தான். மொட்டு விரியும் முன்னால் பறித்தாக வேண்டும் என்பதால் விடிவதற்கு முன்பே வீட்டோடு தோட்டத்தில் இறங்கிவிடுவார்கள், லீவென்றால் பிள்ளைகளும் கூடவே. மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் பூ போய்ச் சேர்ந்த பிறகுதான் அவர்களுக்குக் காலைச் சாப்பாடு. அந்தப் பிள்ளையை ஆறு மணிக்கு யோகாவுக்குக் கூப்பிட்டால் எப்படி வரும்? பூ இருக்கிற ஊரில் காலை பத்துக்குத் தொடங்கி ஒரு மணிக்கு விடுங்கள். அப்புறம் மாலை நாலரையிலிருந்து ஆறரை. நடுப்பகலில் பிள்ளைகள் வீட்டில் தூங்கட்டும்.

காலை நேரத்துக்கு இன்னொரு தடங்கலும் இருக்கிறது. அம்மா நூறு நாள் வேலைக்கோ களையெடுக்கவோ போயிருப்பார். அந்த நேரத்தில் தம்பி தங்கச்சியைப் பார்த்துக்கொள்வது பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை. அங்கன்வாடிக்கும் மேயில் சில நாள் விடுமுறை விட்டுவிடுகிறார்கள். முகாமுக்கு ஆண்பிள்ளைகள் மட்டும் வருகிறார்களே என்று பலர் குழம்புவது இதனால்தான். ‘இடுப்பில் இருக்கிற தம்பியையும் தூக்கிக்கொண்டு வா’ என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். ஒரு மூலையில் தொட்டில் கட்டி, ரெண்டு அப்பத்தாக்களை உட்காரவைத்து, அவர்களுக்கும் டீயும் சாப்பாடும் கொடுத்துவிட்டால் மறுநாளே பெண்பிள்ளைகள் எண்ணிக்கை கூடுவதைப் பார்ப்பீர்கள். அப்பத்தாக்களிடம் பல்லாங்குழியும் தாயமும் ஆடுபுலி ஆட்டமும் கற்றுக்கொள்வது உபரி லாபம். தனியாகப் ‘பாரம்பரிய விளையாட்டுப் பயிலரங்கு’ என்று யாரையும் காசு கொடுத்துக் கூட்டிவர வேண்டாம்.

இடத்தைப் பற்றிப் பேச வேண்டியதைப் பூசி மெழுகாமல் பேசிவிடுவோம். மந்தை, சாவடி, அம்மன் கோயில் மண்டபம் என்று நிழலான இடம் ஊரில் நாலு இருக்கும். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு எல்லாமே பொது இடமாகத்தான் தெரியும். காலனிப் பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. சாவடியில் முகாம் என்றால் அவர்கள் ‘வரக்கூடாது’ என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, அவர்களே வரமாட்டார்கள். வந்தாலும் திண்ணைக்குக் கீழே நிற்பார்கள். அரசுப் பள்ளி ஒன்றுதான் எல்லாத் தெருப் பிள்ளையும் தயக்கமில்லாமல் நடந்து வருகிற இடம். அதனால் பள்ளிக்கூடத்திலேயே வையுங்கள். தலைமையாசிரியருக்கு மார்ச் மாதமே கடிதம் கொடுங்கள், வட்டாரக் கல்வி அலுவலருக்கும் ஊராட்சிக்கும் நகல் அனுப்புங்கள், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். ஏப்ரல் கடைசியில் போய் நின்றால் அவர் ஊருக்குப் போயிருப்பார். அனுமதி கேட்கும்போதே கழிவறைச் சாவியும் மோட்டார் சுவிட்சும் யாரிடம் இருக்கும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நல்லபடியாகத் திட்டமிட்ட முகாமும் இரண்டாம் நாள் கழிவறையில் தண்ணீர் இல்லாமல் பெண்பிள்ளைகளை இழந்துவிடும்.

அணி பிரிப்பதிலும் அதே கவனம் வேண்டும். தெருவாரியாகப் பிரித்தால் சாதிவாரியாகப் பிரித்ததாகிவிடும். சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள். அணிப் பெயரைப் பிள்ளைகளிடமே விட்டால் நடிகரில் ஆரம்பித்துத் தலைவர்களில் போய் முடியும், அங்கிருந்து சண்டைக்கு ரொம்ப தூரமில்லை. செம்போத்து, தவிட்டுக்குருவி, மீன்கொத்தி என்று ஊரில் பார்க்கிற பறவைப் பெயர்களை நீங்களே எழுதிப் போட்டு எடுக்கச் சொல்லுங்கள். சாதியைக் காட்டக் கையில் கட்டும் கலர்க் கயிறு விஷயத்தை முதல் நாளே கட்டளையாகச் சொல்லாமல், நடத்துகிற அண்ணன் அக்காக்கள் யாரும் கட்டாமல் வரட்டும். சாப்பாடு ஒரே பந்தி, ஒரே தட்டு வகை. வீட்டிலிருந்து டம்ளர் கொண்டுவரச் சொல்லாதீர்கள்.

சரி, யார் நடத்துவது? நீங்கள் எட்டுப் பேரும் நடத்தக் கூடாது என்பது என் கட்சி. ஊரில் கல்லூரிக்குப் போய்வருகிற பெண்பிள்ளைகள் இருப்பார்கள். மதுரை மீனாட்சி கல்லூரிக்கோ உசிலம்பட்டிக் கல்லூரிக்கோ தினம் பஸ்ஸில் போய் வந்து, லீவில் வீட்டுக்குள் அடைந்து கிடப்பவர்கள். 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் மாலை வகுப்பு எடுத்த தன்னார்வலர்களும் அநேகமாக அதே ஊர் அக்காக்கள்தான். எந்தப் பிள்ளைக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வரும், எந்தப் பிள்ளையின் அப்பா குடித்துவிட்டு வருவார், யார் யாரோடு பேசமாட்டார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. நீங்கள் பத்து நாளில் தெரிந்துகொள்ள முடியாதது இது. அவர்களில் ஐந்தாறு பேரை ஏப்ரலிலேயே பிடித்து, ஒரு தொகை பேசி, வேலையை அவர்கள் கையில் கொடுங்கள். சேவை மனப்பான்மை என்று சொல்லிச் சும்மா வேலை வாங்காதீர்கள். பெங்களூரில் சம்பளம் வாங்குகிறவர்கள் ஊர்ப் பெண்ணிடம் இலவச உழைப்பு கேட்பது நன்றாக இல்லை. உங்கள் வேலை பின்னால் நின்று சாமான் வாங்குவது, பஸ் பேசுவது, இரவில் மறுநாளைக்கு உட்கார்ந்து பேசுவது. முகாம் முடிந்து நீங்கள் கிளம்பிய பிறகும் அந்த அக்காக்கள் ஊரிலேயே இருப்பார்கள். சனிக்கிழமை சாயங்காலம் நாலு பிள்ளைகள் அவர்கள் வீட்டுக்குப் புத்தகம் கேட்டு வந்தால் உங்கள் காசு வீண்போகவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது பெரிய பிள்ளைகள். ஆறு வயதையும் பதினேழு வயதையும் ஒரே பாயில் உட்காரவைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். பதினைந்து வயதுப் பையன் முதல் நாள் கடைசி வரிசையில் போனை நோண்டுவான், இரண்டாம் நாள் வரமாட்டான். காலையில் அவனைச் சின்னப் பிள்ளைகளின் குழுத் தலைவனாக்குங்கள். மாலையில் அவர்களுக்கு மட்டும் தனியாக ஒன்றரை மணி நேரம் வையுங்கள். கூட ஒரு கபடிப் போட்டி நடத்தினால் கூட்டம் வரும் என்று யாராவது சொல்வார்கள். பக்கத்து ஊர் அணியைக் கூப்பிட்டுப் பரிசுத்தொகையும் வைத்தால் அது முகாமாக இருக்காது, பஞ்சாயத்தாகிவிடும். தங்களுக்குள் விளையாடட்டும், போதும்.

என்னைக் கேட்டால் உங்கள் மொத்த முகாமிலும் அதிகப் பயன் இந்த மாலை நேரத்தில்தான் இருக்கிறது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் மே மாதத்தில் வரும். பிள்ளைகளை வேலைக்குக் கூட்டிப்போகும் ஏஜெண்டு ஊருக்குள் வருவதும் அதே மாதம். உசிலம்பட்டிக்காரரான உங்களுக்கு வடநாட்டு முறுக்குக் கம்பெனிகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பேரையூர், தே.கல்லுப்பட்டிப் பக்கம் பட்டாசு, பெண்பிள்ளைகளுக்குப் பஞ்சாலை. ‘லீவு ரெண்டு மாசம் மட்டும்’ என்று போகிற பிள்ளை ஜூனில் திரும்புவதில்லை. பதினாறு வயதில் பேசி முடிக்கிற கல்யாணமும் வைகாசி முகூர்த்தத்தில்தான் வந்து நிற்கும். சட்டம் என்ன சொல்கிறது என்று இளவட்டங்களுக்குத் தெளிவாகச் சொல்லுங்கள். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தத்துக்குப் பிறகு பதினான்கு வயதுக்குக் கீழே எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது, பதினான்கு முதல் பதினெட்டு வரை ஆபத்தான தொழிலில் வைக்கக் கூடாது. சொந்தத் தோட்டத்தில் லீவு நாளில் அப்பா அம்மாவுக்கு உதவுவதைச் சட்டம் தடுக்கவில்லை, அதனால் பூப்பறிக்கிற பிள்ளையைக் குற்றவாளி மாதிரிப் பேச வேண்டாம். பெண்ணுக்குக் கல்யாண வயது 18. குழந்தைகள் உதவிக்கான 1098 என்ற எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதிப் போடுங்கள்.

ஆனால் சட்டத்தைச் சொல்வதைவிட வழியைக் காட்டுவதில் பலன் அதிகம். ஒரு மாலையை முழுக்கச் சான்றிதழுக்கு ஒதுக்குங்கள். சாதி, வருமானம், முதல் பட்டதாரிச் சான்று என்று எது யாரிடம் இல்லை என்று ஒரு நோட்டில் எழுதி, மறுநாள் நான்கு நான்கு பேராக இ-சேவை மையத்துக்குக் கூட்டிப்போங்கள். ஆதாரில் ஒரு எழுத்து, மார்க் ஷீட்டில் ஒரு எழுத்து என்று பெயர் மாறிக் கிடப்பதையும் அப்போதே பாருங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்பிள்ளை கல்லூரியோ ஐடிஐயோ சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கும், இது 2022-லிருந்து இருக்கிறது. ஆண்பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. இதெல்லாம் பேப்பரில் வந்த செய்திதான். வீட்டில் யாரும் கல்லூரி வாசலை மிதிக்காத குடும்பத்துக்கு அந்தச் செய்தியிலிருந்து விண்ணப்பப் படிவம் வரைக்கும் ரொம்பத் தூரம். மதுரை புதூரில் இருக்கும் அரசு ஐடிஐக்கு ஒரு நாள் கூட்டிப்போய் லேத்தையும் வெல்டிங் கூடத்தையும் காட்டிவிட்டு வாருங்கள். பத்தாம் வகுப்பில் ஒரு பாடம் போன பையனுக்குத் துணைத்தேர்வு எழுதப் பணம் கட்டும் கடைசித் தேதியைச் சொல்லி, கூடவே போய்க் கட்ட வையுங்கள். நீங்கள் போட்ட பட்டியலில் இதில் ஒன்றுகூட இல்லை.

பட்டியலுக்கு வருவோம். ஓவியம் இருக்கட்டும், சாமான் குறைவு, பிள்ளைகளுக்கும் பிடிக்கும். யோகா பத்து நிமிடம் போதும். ஸ்போக்கன் இங்கிலீஷை எடுத்துவிடுங்கள். பத்து நாளில் ‘மை நேம் இஸ்’ஸைத் தாண்டாது, ஏற்கெனவே கூசுகிற பிள்ளை இன்னும் கூசும். ரோபோட்டிக்ஸ் பெட்டியைத் திறந்து காட்டிவிட்டு மூடி எடுத்துப் போவதிலும் எனக்கு மரியாதை இல்லை. அதற்குப் பதில் உங்கள் ஊரிலேயே மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை இருக்கும். அந்த அண்ணனைக் கூப்பிட்டு, கருகிப்போன நீர்மூழ்கி மோட்டார் ஒன்றைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். செம்புக் கம்பி ஏன் சுருளாகச் சுற்றப்பட்டிருக்கிறது, வோல்டேஜ் குறைந்தால் ஏன் கருகுகிறது என்று அவர் கையைக் காட்டிச் சொல்வதைப் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். அந்த மோட்டார் அவர்கள் வீட்டுத் தோட்டத்தில் ஓடுவது.

அறிவியலுக்கு ஒரு குச்சி போதும். ஒரு மீட்டர் நீளக் குச்சியை வெட்டவெளியில் நேராக நட்டு, பதினொன்றரையிலிருந்து ஒரு மணி வரை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழல் நுனியில் ஒரு கூழாங்கல் வைக்கச் சொல்லுங்கள். எல்லோரும் வெயிலில் நிற்க வேண்டாம், முறை போட்டு இரண்டிரண்டு பேர் ஓடிப்போய் வைத்துவிட்டு நிழலுக்கு வந்துவிடலாம். மே நடுவில் மதுரை வட்டாரத்தில் அந்த நிழல் ஒரு சாண் அளவுக்கும் வராது, அதோடு தெற்குப் பக்கம் விழும். சூரியன் நமக்கு வடக்கே போயிருக்கிறது என்பதைப் பெரியவர்களே கவனித்திருக்க மாட்டார்கள், அதனால் கூட்டம் கூடிவிடும். அடுத்து, நிழல் மிகக் குட்டையாக இருப்பது பன்னிரண்டு மணிக்கு இல்லை, பன்னிரண்டேகாலை ஒட்டி என்பதும் கூழாங்கல்லைப் பார்த்தாலே தெரியும். இந்தியக் கடிகாரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது, மதுரை அதற்கு மேற்கே 78 பாகையில் இருக்கிறது, ஒரு பாகைக்கு நாலு நிமிடம் என்று கணக்குப் போட்டால் அநேகமாக அந்த இடத்துக்கே வந்துவிடுவார்கள். ஏப்ரல் 16 வாக்கில் செய்தால் நிழலே காலடியில் மறைந்துவிடும். தொடக்கப் பள்ளிக்கு அதற்குள் லீவு விட்டிருந்தால் முகாமுக்கு முன்னோட்டமாக அந்த ஒரு மதியத்தை மட்டும் வைக்கலாம். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்காரர்கள் இந்த மாதிரி சோதனைகளைப் பல ஆண்டுகளாகப் பள்ளிகளில் செய்துவருகிறார்கள். மதுரையில் அவர்களைக் கேட்டால் ஆள் கிடைக்கும், அவர்கள் நடத்தும் ‘துளிர்’ இதழின் பழைய பிரதிகளும் கிடைக்கலாம்.

கணக்குக்கு மொய் நோட்டு. உசிலம்பட்டி வட்டாரத்தில் மொய் தெரியாத பிள்ளை கிடையாது. நிஜ நோட்டை மட்டும் யார் வீட்டிலும் கேட்காதீர்கள், யார் யாருக்கு எவ்வளவு செய்தார் என்பது தெருவுக்கு வந்தால் வம்பு. நீங்களே ஊர்ப் பெயர்களைப் போட்டு ஒரு பொய் நோட்டுத் தயாரித்து, ஒரு அணி மொய் எழுதவும் ஒரு அணி பணம் எண்ணவும் ஒரு அணி சரிபார்க்கவும் விடுங்கள். கணக்கு வகுப்பில் தலை நிமிராத ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் இப்படி ஒரு விளையாட்டில் 501, 1001, 251, 2001 என்று நீண்ட பக்கத்தைப் பார்த்துவிட்டு, ‘அந்த ஒத்த ரூவாயெல்லாம் மொதல்ல விட்ருங்க சார், கடசில ஆள எண்ணிச் சேத்துக்கலாம்’ என்றான். பக்கத்தின் கூட்டுத்தொகையை எல்லோருக்கும் முன்னால் சொல்லியும் விட்டான். காதணி விழாக்களில் மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பழகியதாம். வாசிப்புக்கும் இதே வழிதான்: கல்யாணப் பத்திரிகை, ரேஷன் கடைப் பலகை, பஸ் போர்டு. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு வாசிக்க வரவில்லை என்றால் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் கொடுத்து மானத்தை வாங்காதீர்கள். சித்தப்பா மகன் கல்யாணப் பத்திரிகையில் தன் பெயர் எங்கே இருக்கிறது என்று தேடச் சொன்னால் தேடும்.

வெளியே கூட்டிப்போவது ஒரு நாள் போதும். கீழடி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம் நன்றாகவே இருக்கிறது, ஆனால் உசிலம்பட்டியிலிருந்து மதுரையைக் குறுக்கே கடந்து போக வேண்டும், சின்னப் பிள்ளைகள் வண்டியிலேயே வாடிவிடும். உங்களுக்குத் தேனி ரோட்டை ஒட்டியே கீழக்குயில்குடி சமணர் மலை இருக்கிறது. காலை ஆறரைக்கு அடிவாரத்து ஐயனார் கோயிலடியில் இறங்கினால் வெயில் ஏறுவதற்குள் செட்டிப்புடவு குகையையும் பேச்சிப்பள்ளத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம். ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட தீர்த்தங்கரர் சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்தைத் தடவிப் பார்க்கத் தோன்றும். தொடாமல் பார்க்கவும், பார்த்து நோட்டில் எழுதவும் பழக்குங்கள். மேலூர்க்காரர்களுக்கு இருக்கவே இருக்கிறது அரிட்டாபட்டி. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம், குடைவரைக் கோயிலும் ராஜாளிப் பறவையும் ஒரே மலையில் உண்டு. எங்கே போனாலும் வேன் பேசுங்கள். செலவு மிச்சம் என்று குட்டியானையில் பிள்ளைகளை நிற்கவைத்து ஏற்றாதீர்கள்.

சொந்த ஊர்க் கண்மாயைச் சுற்றிவர வண்டியே வேண்டாம். வரத்துக்கால் எங்கே வருகிறது, மடை எத்தனை, கலுங்கு எந்தப் பக்கம், எந்த மடைத் தண்ணீர் எந்த வயலுக்குப் போகும் என்று நீர்பாய்ச்சித் தாத்தா ஒருவரை முன்னால் நடக்கவிட்டுப் பின்னால் பிள்ளைகள் படம் போடட்டும். 58 கிராமக் கால்வாய் பாய்கிற ஊராக இருந்தால் அந்தக் கால்வாய்க்காக அப்பாக்களும் தாத்தாக்களும் எத்தனை வருஷம் போராடினார்கள் என்ற கதையும் தானாக வந்துவிடும்.

தண்ணீர் என்றதும் பாதுகாப்பைச் சொல்லியாக வேண்டும். கோடையில் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய ஆபத்து கிணறும், மண் அள்ளிய கண்மாய்ப் பள்ளமும்தான். மேலே முழங்கால் தண்ணீர் மாதிரித் தெரியும், நாலு அடி தள்ளி ஆள் உயரப் பள்ளம் இருக்கும். பெயர்ப் பதிவு நோட்டில் வகுப்பு, அப்பா அம்மா போன் நம்பர், வலிப்பு, வீசிங் இருக்கிறதா என்பதோடு ‘நீச்சல் தெரியுமா’ என்று ஒரு கட்டமும் போடுங்கள். சுரைக்குடுக்கையையோ காலி கேனையோ முதுகில் கட்டி அப்பா கிணற்றில் இறக்கிப் பழக்குவதுதான் நம்மூர் வழக்கம், பழக்கட்டும், நல்லது. முகாம் பெயரில் நீங்கள் யாரையும் தண்ணீரில் இறக்காதீர்கள். முகாம் விட்டதும் கூட்டமாகக் கிணற்றுக்குப் போவார்கள் என்பதை எதிர்பார்த்து, ஒரு பெரிய ஆளை நிறுத்தி வீட்டுப்பக்கம் அனுப்பிவையுங்கள். மூழ்குகிறவரைப் பார்த்தால் குதிக்காதே, கயிறோ சேலையோ கம்போ நீட்டு, கத்தி ஆளைக் கூப்பிடு என்பதைத் தரையிலேயே நடித்துப் பழக்குங்கள். பாம்பு கடித்தால் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், ஆட்டாமல் அசைக்காமல் நேரே அரசு ஆஸ்பத்திரி, 108.

பெரியவர் ஒருவர் ஒரு பிள்ளையோடு தனி அறையில் இருக்கக் கூடாது என்ற விதியை எல்லோருக்கும் ஒரே மாதிரி வையுங்கள், உங்கள் நண்பர்களுக்கும் சேர்த்து. பிள்ளை ஏதாவது சொன்னால் ஊர்ப் பெரியவர்களை வைத்து அமுக்கிப் பேசி முடிக்கிற வேலை வேண்டாம். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் தெரிந்தும் புகார் கொடுக்காமல் இருப்பதே குற்றம்.

சாப்பாட்டில் கஞ்சம் பிடிக்காதீர்கள். பள்ளி நடக்கும் நாளில் காலை உணவும் சத்துணவும் கிடைக்கும். காலை உணவுத் திட்டமே 2022 செப்டம்பரில் நம் மதுரையில்தான் தொடங்கியது. லீவு விட்டால் இரண்டும் நின்றுவிடும். பூப்பறித்துவிட்டுப் பாதிப் பசியோடு வருகிற பிள்ளைக்கு முட்டையும் சுண்டலும் ஒரு மணிக்குச் சோறும் போட்டால் அதுவே முகாமின் பாதி. பள்ளியில் சமைக்கிற மகளிர் குழு அக்காவையே கூலி பேசி அமர்த்துங்கள், அவருக்கு அறுபது பேருக்கு அளவு தெரியும். இடையில் நீர்மோர், பானகம். கலர் சோடாவும் பிஸ்கட் பாக்கெட்டும் ஸ்பான்சர் தருகிறேன் என்று வந்தால் அரிசியாகத் தரச் சொல்லுங்கள். வீட்டுக்கு ஒரு படி அரிசி, தோட்டத்துக்காரர் ஒரு கூடை கத்தரிக்காய் என்று ஊரிடம் வாங்குவதில் தயங்க வேண்டாம். கொடுத்தவர்கள் எட்டிப் பார்ப்பார்கள், எட்டிப் பார்ப்பது உங்களுக்குக் காவல். ஒரே பெரிய மனிதரிடம் மொத்தப் பணத்தையும் வாங்கினால் கடைசி நாள் மேடை அவருடையதாகிவிடும்.

மேடை என்றதும் நினைவு வருகிறது: ஃபிளெக்ஸ் அடிக்காதீர்கள். மதுரையில் இதைச் சொல்வது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான், இருந்தாலும் சொல்கிறேன். யார் படம் பெரிது, யார் பெயர் முதலில் என்பதில் உங்கள் பத்து நாள் உழைப்பும் போய்விடும். கடைசி நாள் சிறப்பு விருந்தினர், பொன்னாடை எதுவும் வேண்டாம். பிள்ளைகள் வரைந்த கண்மாய்ப் படத்தைப் பள்ளிச் சுவரில் ஒட்டி, அவர்களே அப்பா அம்மாவுக்கு விளக்கட்டும். நூறு நாள் வேலையிலிருந்து அம்மாக்கள் திரும்பின பிறகு, சாயங்காலமாக வையுங்கள். பிள்ளைகள் முகம் தெரிகிற படங்களை வீட்டில் கேட்காமல் இன்ஸ்டாகிராமில் போட வேண்டாம், ‘ஏழைக் குழந்தைகளுக்கு’ என்று எழுதிப் போடவே வேண்டாம். அவர்களும் இன்ஸ்டாகிராம் பார்க்கிறார்கள்.

கடைசியாக அந்தப் பதிவு நோட்டு. அதில் ‘ஜூனில் எந்தப் பள்ளி, எந்த வகுப்பு’ என்று ஒரு கட்டம் விட்டு வையுங்கள். ஐந்து முடித்து ஆறுக்கும், எட்டு முடித்து ஒன்பதுக்கும், பத்து முடித்துப் பதினொன்றுக்கும் வேறு பள்ளி மாற வேண்டிய பிள்ளைகள்தான் நழுவிப்போவார்கள். இந்தப் பள்ளி டிசி கொடுத்து அனுப்பிவிடும், அடுத்த பள்ளிக்கு இந்தப் பெயரே தெரியாது, இரண்டு பதிவேட்டிலும் இல்லாமல் பிள்ளை வீட்டில் இருக்கும். ஜூன் இரண்டாம் வாரம் அக்காக்கள் இருவர் நோட்டை எடுத்துக்கொண்டு அந்தக் கட்டம் நிரம்பாத வீடுகளுக்கு மட்டும் போய்வரட்டும். சேராதவர் பட்டியலைத் தலைமையாசிரியரிடமும் வட்டார வள மையத்திலும் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் இருவரின் பஸ் செலவுக்கும் கூலிக்கும் மே மாதமே பணத்தை எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பந்தல்காரருக்கும் பாத்திர வாடகைக்கும் போய்விடும்.